சிடி 200 ஹெட்டை வீட்டுக் கண்ணாடியில வச்சு மட்டம் எடுக்கிற விதம்

ரெண்டு சிலிண்டருக்கும் நடுவில, கசியாமல் இருக்க ஹெட்டுக்குக் கீழ வைக்கிற கஸ்கட்டுக்கு மேல, அடுப்புக்கரியை விரலில தொட்டு இழுத்த மாதிரி கறுப்பா ஒரு கோடு. என்ர ஹொண்டா சிடி 200 மோட்டார் சைக்கிளின்ர ஹெட்டை, அதுதான் சிலிண்டருக்கு மேல மூடி மாதிரிப் பூட்டுற பகுதியை, கழட்டின அண்டைக்கு முதல் கண்ணில பட்டது அதுதான். ஒரு சிலிண்டரில எரியிற காஸ் மற்றச் சிலிண்டருக்குப் பாய்ஞ்சுகொண்டிருந்திருக்கு, நான் ஒரு வருசமா காபரேட்டரைக் கழட்டிப் பூட்டி, பிளக் மாத்தி, பொயின்ட் மாத்தி, ஆக்கள் சொன்ன வைத்தியம் எல்லாம் செய்து காசைக் கரைச்சதுதான் மிச்சம். ஐடிலில நிக்காது, பரந்தனில இருந்து புதுக்குடியிருப்புக்குப் போற வழியில விசுவமடு தாண்ட முன்னமே ஒரு சிலிண்டர் படுத்திடும்.

அதைவிடப் பெரிய பகிடி கஸ்கட்டைத் தூக்கேக்கதான் தெரிஞ்சது. ஒண்டில்லை, ரெண்டு கஸ்கட். ஒண்டு கொம்பனியில வந்தது, மற்றது ஆரோ கையால வடிவா வெட்டினது. இந்த பைக் சித்தப்பாட்ட இருந்து எனக்கு வந்தது, அவரிட்டக் கேட்டன், சிரிச்சுப்போட்டுச் சொன்னார், "அது மண்ணெண்ணெய்க்குப் போட்டதடா." இளம் ஆக்களுக்காகச் சொல்லுறன், 90களில பொருளாதாரத் தடை இருந்த காலம் வன்னிக்குள்ள பெற்றோல் எண்டது கண்ணில காணாத சாமான், ஸ்டார்ட் பண்ண மட்டும் துளி பெற்றோல் விட்டு, எஞ்சின் சூடானாப் பிறகு மண்ணெண்ணெயிலதான் எம்டி 90 பைக்கும் சிடி 200உம் ஓடினது. மண்ணெண்ணெய்க்கு ஒக்டேன் குறைவு, ஆனபடியா கொம்பிரசன், அதாவது காஸை நெரிக்கிற அளவு, கூடின எஞ்சினில அது நேரத்துக்கு முன்னமே வெடிச்சு கிளிங் கிளிங் எண்டு சத்தம் போடும், பிஸ்டனைத் தின்னும். ஹெட்டுக்குக் கீழ கஸ்கட்டைத் தடிப்பாக்கினா எரியிற அறை பெருக்கும், கொம்பிரசன் இறங்கும், சத்தம் குறையும். அந்த நேரத்துக்கு அது கெட்டித்தனமான வேலைதான், நான் குறை சொல்ல மாட்டன். ஆனா 2002இல ஏ9 பாதை திறந்து பெற்றோல் வந்தாப் பிறகும் ஒருத்தரும் அதைக் கழட்டேல்லை. ரெண்டு கஸ்கட் சரிசமனா நசியாது, நட்டு மெல்ல மெல்ல இளகும், ஒரு பக்கம் இறுகி ஒரு பக்கம் விட்ட ஹெட் சூட்டில வளையும். அலுமினியம் எல்லே.

ஆகவே இந்தக் குறிப்பு வளைஞ்ச ஹெட்டை வீட்டிலயே மட்டம் எடுக்கிறதைப் பற்றி. நான் பேசிறது சிடி 200ஐ வச்சு, ஆனா எம்டி 90, சி 90, சிடி 125, எதுக்கும் முறை இதுதான், ஒற்றைச் சிலிண்டர் எண்டா இன்னும் லேசு.

கழட்டுறதில இருந்து தொடங்குவம், ஏனெண்டா கனபேர் ஹெட்டை வளைக்கிறதே கழட்டேக்கதான். எஞ்சின் சூடா இருக்கேக்க கை வைக்கவே கூடாது, இரவு விட்டு விடிய ஆறினாப் பிறகு தொடங்குங்கோ. முதல் பிளைவீலைக் கையால சுத்தி டி எண்ட அடையாளத்தை, அதுதான் பிஸ்டன் உச்சியில நிக்கிற இடம், நேரா நிப்பாட்டுங்கோ, வால்வைத் திறக்கிற கேமின்ர ஸ்புறொக்கட்டில இருக்கிற அடையாளம் எந்தப் பக்கம் பாத்து நிக்குது எண்டு போனில ஒரு படம் எடுத்து வையுங்கோ, பிறகு நீங்களே உங்களுக்கு நன்றி சொல்லுவியள். ஸ்புறொக்கட்டைக் கழட்ட முன்னம் கேம் செயினை ஒரு கம்பியால கட்டி வெளியில எங்கயாவது கொளுவி விடுங்கோ, அது கிராங்க் கேசுக்குள்ள விழுந்தா அண்டைய நாள் அவ்வளவுதான். ஹெட் நட்டுகளை ஒரேயடியா கழட்டாதேங்கோ, குறுக்கு மறுக்கா, ஒவ்வொண்டையும் கால் சுத்துக் கால் சுத்தா இளக்கிக்கொண்டு வரவேணும். ஒரு கார்ட்போட் மட்டையில ஹெட்டின்ர படத்தைக் கீறி எந்த நட்டு எந்த இடம், எதுக்குக் கீழ செப்பு வாசர், எதுக்குக் கீழ இரும்பு வாசர் எண்டு அப்பிடியே குத்தி வையுங்கோ. இந்த எஞ்சின்களில ஹெட்டுக்கு ஒயில் ஏறுறது ஒரு ஸ்டட் (நட்டு இறுக்கிற நீட்டுக் கம்பி) ஓட்டை வழியாதான், அந்த இடத்து வாசரை மாறிப் போட்டா பிறகு ஒயில் வழிஞ்சுகொண்டே இருக்கும்.

நட்டெல்லாம் கழட்டியும் ஹெட் வராட்டி ஸ்குறூ டிரைவரை இடையில விட்டு நெம்பாதேங்கோ. நெம்பின ஒவ்வொரு இடமும் பிறகு ஒரு காயம், அந்தக் காயத்தை எடுக்கிறதுக்காக முழு ஹெட்டையும் தேய்க்க வேண்டி வரும். மரக்கட்டையை வச்சு தடிப்பான இடத்தில மெதுவாத் தட்டுங்கோ, சூடு ஆற ஹெட்டைச் சுத்தி இருக்கிற மெல்லிய தகட்டில தட்டினா கச்சான் கோது மாதிரி உடைஞ்சு வரும்.

ஹெட் வெளியில வந்தா வால்வ், ஸ்பிறிங், வால்வ் சீல், ஹெட்டை இடம் மாறாமல் பிடிக்கிற டவல் பின் எல்லாம் கழட்டி ஒதுக்குங்கோ. வால்வை விட்டிட்டுத் தேய்க்கலாமோ எண்டு கேக்கிற ஆக்கள் இருக்கினம், ஏலாது, எமரித் தூள் வால்வ் கைடுக்குள்ள போனா அது நிண்டு அராவும். கரியை ஒரு இரவு மண்ணெண்ணெயில ஊறவிட்டு மரக்குச்சியாலயோ பித்தளைத் தகட்டாலயோ சுரண்டுங்கோ. பழைய கஸ்கட் ஒட்டி இருந்தாலும் அதே கதைதான், பொறுமை வேணும், கத்தி வேண்டாம். காஸ்டிக் சோடா போட்டா ஒரு நிமிசத்தில துப்பரவாகும் எண்டு ஒருத்தர் எனக்குச் சொன்னார். பரந்தன் கெமிக்கல் பாக்டரி ஓடின காலத்தில அங்க செய்த அதே சாமான்தான், சவர்க்காரத்துக்கு நல்லது, அலுமினியத்தைக் கரைச்சுக் குடிச்சிடும். ஹெட்டுக்குக் கிட்டக் கொண்டுவராதேங்கோ.

இப்ப அளக்கிறது. இதைச் செய்யாமல் நேரா தேய்க்கத் தொடங்குறவை கனபேர், எவ்வளவு வளைஞ்சிருக்கு எண்டு தெரியாமல் எவ்வளவு எடுக்கிறது எண்டு எப்பிடித் தெரியும்? நல்ல நேரான ஒரு இரும்பு விளிம்பும், இடைவெளி அளக்கிற மெல்லிய தகடுகள் உள்ள பீலர் கேஜும் வேணும். பள்ளிக்கூடத்து ஸ்டீல் ரூலரை நம்பாதேங்கோ, நம்பத்தான் வேணும் எண்டா அதை ஒரு தடிச்ச கண்ணாடியில விளிம்பால நிமித்தி வச்சு பின்னுக்கு டோர்ச் அடிச்சுப் பாருங்கோ, வெளிச்சம் எங்கயும் ஒழுகாட்டி அது உதவும். விளிம்பை ஹெட்டில நாலு பக்கத்துக்கும் வச்சு, பிறகு மூலைக்கு மூலை ரெண்டு முறை குறுக்கா வச்சு, ஒவ்வொரு முறையும் கீழால பீலர் தகட்டை விட்டுப் பாக்கவேணும். 0.05 மிமீ தகடு போகேல்லையா, ஹெட் நல்லா இருக்கு, சும்மா கஸ்கட் மாத்திப் பூட்டுங்கோ. 0.05 போகுது 0.10 போகேல்லை எண்டா கண்ணாடியில மெதுவா எடுத்துவிடலாம். இந்த மாதிரிச் சின்ன எஞ்சின்களுக்கு 0.10ஐத் தாண்டினா நான் கட்டாயம் மட்டம் எடுப்பன். உங்கட பைக்கின்ர மனுவல் கையில இருந்தா அதில போட்டிருக்கிற அளவுதான் சட்டம். என்ர ஹெட்டில நடுவில, ரெண்டு அறைக்கும் இடையில இருக்கிற அந்த ஒடுக்கமான பாலத்தில, 0.12 போச்சுது. கறுப்புக் கோடு விழுந்த அதே இடம்.

ஹெட்டைக் கண்ணாடியில கவிட்டு வச்சு ஓரத்தால பீலர் விட்டுப் பாக்கிறதும் ஒரு முறை, நாலு மூலையும் பதியுதோ ஆடுதோ எண்டு உடன தெரியும். ஆனா நடுவில பள்ளம் எண்டா அது காட்டாது, ஓரம் எல்லாம் வடிவாப் பதிஞ்சு உங்களை ஏமாத்தும். ஆனபடியா இரும்பு விளிம்பும் வேணும்.

0.2 மிமீக்கு மேல வளைஞ்சிருந்தா, இல்லாட்டி ஒயில் ஓட்டையடியில அரிச்சுக் குழி விழுந்திருந்தா, வீட்டில மினக்கெடாதேங்கோ, மெசினுக்குக் குடுங்கோ. அதோட இன்னொண்டு, ஹெட்டின்ர கீழ்முகம் வளைஞ்சா மேல கேம் ஓடுற இடமும் சேர்ந்து வளைஞ்சிருக்கலாம். கேமை வச்சுக் கையால சுத்திப் பாருங்கோ, ஒரு இடத்தில இறுகுது ஒரு இடத்தில விடுது எண்டா கீழ்முகத்தை எவ்வளவு மட்டம் எடுத்தும் பிரயோசனமில்லை, வேற ஹெட் தேடவேணும்.

மெசினுக்குக் குடுக்கிறதில எனக்கு ஒரு பட்டறிவு இருக்கு. இதுக்கு முன்னம் ஒரு எம்டி 90 ஹெட்டை ஒரு லேத்தில குடுத்தன், எந்த ஊர் எண்டு சொல்லேல்லை. "அண்ணை, கொஞ்சமா பேஸ் பண்ணித் தாங்கோ" எண்டன். "கொஞ்சமாத்தானே தம்பி, பின்னேரம் வாங்கோ" எண்டார். பின்னேரம் போனா ஹெட் கண்ணாடி மாதிரி மினுங்குது, எனக்குச் சரியான சந்தோசம். வீட்ட வந்து வேனியர் அளவுகோலை வச்சா முழுசா ஒரு மில்லிமீற்றருக்குக் கிட்டக் காணேல்லை. பூட்டி கிக் அடிச்சா கிக்கர் காலைத் திருப்பி அடிக்குது, பாரம் ஏத்தி ஏத்தத்தில விட்டா மண்ணெண்ணெய்க் காலத்துச் சத்தம் பெற்றோலிலயே கேக்குது. பிழை அவரில மட்டுமில்லை, "கொஞ்சம்" எண்டது ஒரு அளவில்லை. இப்ப நான் குடுக்கிறதெண்டா 0.05, 0.05ஆ எடுங்கோ, முழு முகத்திலயும் கத்தி பட்ட உடன நிப்பாட்டுங்கோ எண்டு கடதாசியில எழுதிக் குடுத்து, பக்கத்தில நிண்டு பாப்பன். பிளேன்ரி குடிக்கவும் போறதில்லை.

இனி கண்ணாடி. ஹார்ட்வெயார் கடையில விக்கிற யன்னல் கண்ணாடி மெல்லிசு, வளையும். 8 மிமீ, 10 மிமீ தடிப்பு வேணும், மேசைக்கு மேல போடுற கண்ணாடி, கடைக்காரர் கழிச்ச ஷோகேஸ் தட்டு, அப்பிடி ஏதாவது. நான் வீட்டு அலுமாரித் தட்டைத்தான் எடுத்தன், அம்மா இண்டைக்கும் அதைச் சொல்லிக் காட்டுறவ. கண்ணாடி எவ்வளவு தடிப்பெண்டாலும் கீழ இருக்கிற மேசை மேடுபள்ளமா இருந்தா அதுவும் சேர்ந்து வளையும், ஆனபடியா நேரான மேசையில பழைய பேப்பர் ரெண்டு மூண்டு விரிச்சு அதுக்கு மேல வையுங்கோ. விளிம்பு கையை வெட்டும், டேப் ஒட்டிவிடுங்கோ.

எமரி பேப்பர் தண்ணியில பாவிக்கிற வகை, சில கடையில வோட்டர் பேப்பர் எண்டு கேட்டாத்தான் தருவினம். 240, 320, 400, மூண்டிலயும் நாலைஞ்சு தாள் வாங்குங்கோ, கஞ்சத்தனம் பாத்து ஒரு தாளிலயே முழுக்கத் தேய்ச்சா மழுங்கின தாள் அலுமினியத்தை வெட்டாது, வழுக்கும், நீங்கள் அமத்துவியள், அமத்தினாப் பிழைச்சிடும். தாளை நனைச்சு கண்ணாடியில ஒட்டினா தண்ணியே பிடிச்சுக்கொள்ளும், ஓரத்துக்கு மட்டும் டேப். சிடி 200 ஹெட் அகலம் எண்டபடியா ரெண்டு தாளைப் பக்கத்தில பக்கத்தில வைக்க வேண்டி வரும், ஒண்டுக்கு மேல ஒண்டு ஏறினா அந்த மேட்டில ஹெட் ஒவ்வொரு முறையும் துள்ளும், விளிம்பை பிளேட்டால நேரா வெட்டிச் சேருங்கோ. தாளுக்குக் கீழ ஒரு மணல் குறுணி இருந்தாலும் காணும், ஹெட்டில ஒரே இடத்தில வாய்க்கால் வெட்டும். சோளகக் காத்து அடிக்கிற நாளில முற்றத்து மாமரத்துக்குக் கீழ இருந்து இந்த வேலை செய்யாதேங்கோ, எங்கட புழுதியைப் பற்றி உங்களுக்குத் தெரியும்தானே, கதவைச் சாத்திப்போட்டு உள்ளுக்க செய்யுங்கோ.

தேய்க்க முன்னம் ரெண்டு வேலை. ஒண்டு, வேனியரால ஹெட்டின்ர உயரத்தை நாலு மூலையிலயும் அளந்து அந்த மட்டையிலயே எழுதுங்கோ. தேய்ச்சுக்கொண்டு போகேக்க எவ்வளவு போகுது, ஒரு பக்கம் மட்டும் போகுதோ எண்டு பாக்க வேற வழியில்லை. ரெண்டாவது, முழு முகத்திலயும் அழியாத மார்க்கரால குறுக்கும் நெடுக்குமா கட்டம் கட்டமாக் கீறுங்கோ. கோடு அழியிற இடம் உயரம், கோடு நிக்கிற இடம் பள்ளம், அவ்வளவுதான் விசயம்.

இதில நான் விட்ட பிழையைச் சொல்லுறன். எங்கட ஆக்கள் எல்லாத்துக்கும் மண்ணெண்ணெய்தானே, நானும் தாளில மண்ணெண்ணெய் ஊத்தித் தேய்ச்சன். அஞ்சு நிமிசத்தில எல்லாக் கோடும் போட்டுது, ஆகா, மட்டம் வந்திட்டுது எண்டு துடைச்சு பீலர் விட்டா அதே 0.12. மண்ணெண்ணெய் மார்க்கர் மையைக் கரைச்சிருக்கு, நான் தேய்ச்சதாலை போகேல்லை! தண்ணியில பாத்திரம் கழுவுற சோப் ரெண்டு சொட்டு விட்டுப் பாவியுங்கோ, அது தாளில அலுமினியத் தூள் அடையிறதையும் குறைக்கும், கோட்டையும் விட்டு வைக்கும்.

ஹெட்டை ரெண்டு கையாலயும் பதிவாப் பிடியுங்கோ, மேல பிடிச்சா அது முன்னுக்குப் பின்னுக்கு ஆடும், ஓரம் உருண்டுபோகும். விரல் கண்ணாடிக்கு எவ்வளவு கிட்ட இருக்குதோ அவ்வளவு நல்லது. அமத்த வேண்டாம், ஹெட்டின்ர பாரமே காணும், கை வழி மட்டும் காட்டினாச் சரி. எட்டு எழுதுற மாதிரி, பெரிசா, தாள் முழுக்கப் பாவிச்சுத் தேய்க்கவேணும், நேரா முன்னுக்குப் பின்னுக்கு இழுத்தா ஒரு பக்கம்தான் கூடப் போகும், ஏனெண்டா ஆருக்கும் ரெண்டு கையும் ஒரே பலமில்லை. பத்து எட்டு போட்டா ஹெட்டைக் கால் சுத்துத் திருப்புங்கோ, திரும்பப் பத்து, திரும்பக் கால் சுத்து, முழுச் சுத்து முடிஞ்சா தூக்கித் துடைச்சுப் பாருங்கோ. தாளையும் கழுவுங்கோ, சாம்பல் நிறத்தில சேறு மாதிரி நிக்கும்.

முதல் சுத்தில நாலு மூலையும் வெளுத்துது. பிறகு ஸ்டட் ஓட்டைகளைச் சுத்தி வட்டம் வட்டமா வெளுத்துக்கொண்டு வந்துது. ஒரு மணித்தியாலத்தில ஓரம் முழுக்கப் பளிச்செண்டு ஒரு சட்டம் மாதிரி வந்திட்டுது, நடுவில அந்தப் பாலம் மட்டும் அசையேல்லை, மார்க்கர் கட்டம் போட்டபடியே குந்திக்கொண்டிருக்குது. இந்த இடத்திலதான் ஆக்களுக்குக் கை அரிக்கும், நடுவில விரலை வச்சு அமத்துவம், அந்த இடத்தை மட்டும் தனியா ஒரு துண்டு எமரியால தேய்ப்பம் எண்டு. அப்பிடித் தேய்ச்சா பள்ளம் இன்னும் பள்ளமாகும், வேற ஒண்டும் நடக்காது. பள்ளத்தை உயர்த்த ஏலாது, சுத்தி இருக்கிற உயரத்தைத்தான் அதின்ர அளவுக்கு இறக்கவேணும். நான் அண்டைக்கு அதோட விட்டிட்டு அடுத்த நாள் விடிய புதுத் தாள் போட்டுத் தொடங்கினன், பாலத்தின்ர ரெண்டு கரையிலயும் கோடு மெல்லிசாகி, நடுவில ஒரு தலைமயிர் அகலத்துக்கு மை நிண்டு, ஏழாவதோ எட்டாவதோ சுத்தில அதுவும் போச்சுது. அந்த இடத்தில 240ஐ நிப்பாட்டுங்கோ. இன்னும் கொஞ்சம் எண்டு போகாதேங்கோ.

பிறகு 320இல ரெண்டு சுத்து, 400இல ரெண்டு சுத்து, ஒவ்வொரு தாளுக்கும் திரும்ப மார்க்கர் கீறி. சாதாரண கஸ்கட்டுக்கு 400 காணும், முகம் பாக்கிற கண்ணாடி மாதிரி மினுங்க வேண்டிய தேவையில்லை. மெல்லிய கீறல் ஒண்டு ரெண்டு நிண்டாலும் கவலைப்படாதேங்கோ, அது எந்தப் பக்கம் ஓடுது எண்டுதான் பாக்கவேணும். அறையில இருந்து வெளியில, இல்லாட்டி அறையில இருந்து ஒயில் ஓட்டைக்கு ஓடுற கீறல் கெட்டது, அது போகும் வரை தேய்க்கத்தான் வேணும். ஒரு இடத்திலயும் போய் முட்டாத கீறல் கிடந்திட்டுப் போகட்டும்.

எவ்வளவு எடுத்தா என்ன ஆகும் எண்டு கணக்குப் பாத்தா பயம் போகும். சிடி 200இல ஒரு சிலிண்டர் விட்டம் 53 மிமீ, ஸ்ட்றோக் 44 மிமீ, ஒண்டுக்கு 97 சிசி. 0.1 மிமீ ஹெட்டில எடுத்தா அறையில குறையிறது ஏறக்குறைய 0.22 சிசி. கொம்பிரசன் 9க்கு 1 எண்டு வச்சா அறை 12 சிசி வரும், அதில 0.22 போனா 9.15 மாதிரி ஏறும், அது ஒண்டுமில்லை. கேமும் கிராங்கும் 0.1 மிமீ கிட்ட வரும், செயின் அந்தளவு இளகும், செயினை இறுக்கிப் பிடிக்கிற டென்சனர் அதை எடுத்துக்கொள்ளும், கேம் டைமிங் பிந்துறது கிராங்கில அரைப் பாகையும் வராது. அதே கணக்கில ஒரு மில்லிமீற்றர் போட்டுப் பாருங்கோ, அறை 10 சிசிக்கு இறங்கி கொம்பிரசன் 10.8க்கு ஏறும், டைமிங் நாலு பாகை பிந்தும், வால்வ் பிஸ்டனுக்குக் கிட்ட வரும். அந்த எம்டி 90இன்ர கிக்கர் ஏன் காலை அடிச்சது எண்டு இப்ப விளங்குது.

என்ர ஹெட்டில கடைசியா வேனியர் காட்டினது 0.15 குறைவு, நாலு மூலையிலயும் ஏறக்குறைய ஒரே அளவு. ரெண்டு கஸ்கட்டை எடுத்து ஒண்டு போடுறதால அறை இன்னும் சின்னனாகும், ஆனா அது கொம்பனி வச்ச அளவுக்குத் திரும்பப் போறதுதான். உங்களுக்குச் சந்தேகம் எண்டா முன்பள்ளிப் பிள்ளையள் விளையாடுற கிளேயை பிஸ்டனுக்கு மேல ஒட்டி, ஹெட்டைப் பூட்டி, கையால ரெண்டு முழுச் சுத்துச் சுத்தித் திரும்பக் கழட்டி, வால்வ் பதிஞ்ச இடத்தில கிளே எவ்வளவு தடிப்பு நிக்குது எண்டு வெட்டிப் பாருங்கோ. 1.5 மிமீக்கு மேல நிண்டா எனக்கு நித்திரை வரும்.

சிலிண்டரின்ர மேல்முகத்தை மறந்திடாதேங்கோ. ஹெட் வளைஞ்ச இடத்தில அதுவும் கொஞ்சம் வளைஞ்சிருக்கும், அதே இரும்பு விளிம்பு, அதே பீலர். அதில இரும்பு ஸ்லீவும் அலுமினியமும் பக்கத்தில பக்கத்தில இருக்கிறபடியா அலுமினியம் கெதியாப் போகும், இரும்பு நிக்கும், ஆகவே அதைத் தேய்க்கிறதெண்டா 400இல மட்டும், கறை போற அளவுக்கு. ஸ்லீவ் கீழ இறங்கி இருந்தா அது வேற வைத்தியம், லேத்துக்குத்தான்.

கழுவுறதுக்கு நான் தேய்க்கிறதைவிடக் கூட நேரம் எடுப்பன். எமரித் தூள் ஒரு துளி ஒயிலுக்குள்ள போனாலும் கேம் ஓடுற இடத்தையும் றிங்கையும் அராவும், நீங்கள் மட்டம் எடுத்ததே வீண். சுடுதண்ணி, சோப், பழைய பல் பிரஷ், ஒவ்வொரு ஓட்டைக்குள்ளயும், ஒவ்வொரு மரைக்குள்ளயும், பிளக் மரைக்குள்ளயும். பிறகு ரயர் கடையில கொம்பிறசர் காத்து அடிச்சு ஒயில் வழியை ஊதுங்கோ, திரும்பக் கழுவுங்கோ, திரும்ப ஊதுங்கோ. வெள்ளைத் துணியால துடைச்சு சாம்பல் நிறம் வராமல் விட்டாத்தான் முடிஞ்சுது எண்டு அர்த்தம்.

வால்வ் வெளியில இருக்கேக்கயே வால்வ் உரசுற பேஸ்ட் போட்டு அது பதியிற இடத்தில உரசிவிடுங்கோ, பிறகு அந்தப் பேஸ்டையும் கழுவவேணும். வால்வைப் பூட்டி போர்ட்டுக்குள்ள பெற்றோல் விட்டு பத்து நிமிசம் பாருங்கோ, அறைப்பக்கம் கசியாட்டிச் சரி.

பூட்டேக்க புதுக் கஸ்கட், ஒண்டே ஒண்டு. சிலிக்கன் பூசாதேங்கோ, தம்பிமாரே, பிதுங்கி உள்ளுக்குப் போன துண்டு ஒயில் ஓட்டையை அடைச்சா கேம் காய்ஞ்சு ஒரே நாளில பிடிச்சிடும், கஸ்கட்டை காய்ஞ்சபடியே வையுங்கோ. டவல் பின், ஓ றிங் எல்லாம் இடத்தில இருக்குதோ எண்டு விரலால தொட்டு எண்ணுங்கோ. ஸ்டட் மரையைப் பிரஷ்ஷால துப்பரவாக்கி ஒரு சொட்டு ஒயில், பிறகு நட்டுகளை நடுவில இருந்து வெளியில, குறுக்கு மறுக்கா, மூண்டு தரத்தில இறுக்குங்கோ. இறுக்கத்தை அளந்து காட்டுற டோர்க் ரெஞ்ச் இல்லாட்டி ஆரிட்டயாவது இரவல் வாங்குங்கோ, மனுவலில இருக்கிற அளவுக்கு இறுக்குங்கோ, கை அளவு எண்டு சொல்லி பழைய ஸ்டட்டை உருவி எடுத்த ஆக்களில நானும் ஒராள். கேம் செயின் அடையாளத்தை நீங்கள் எடுத்த படத்தோட ஒப்பிட்டுப் பூட்டி, டென்சனரைத் திரும்ப செற் பண்ணி, பிளக் இல்லாமல் கையால ரெண்டு முழுச் சுத்து. எங்கயாவது முட்டினா நிப்பாட்டுங்கோ, பலாத்காரம் வேண்டாம். வால்வுக்கு மேல இருக்கிற டப்பட் இடைவெளியையும் இப்பத்தான் பாக்கவேணும், சி 90 மாதிரி ஹொண்டாக்களுக்கு எஞ்சின் குளிரா இருக்கேக்க 0.05 மிமீ.

ஸ்டார்ட் பண்ணினாப் பிறகு கஸ்கட் ஓரம் முழுக்கச் சோப் தண்ணி பிரஷ்ஷால பூசுங்கோ, கசிஞ்சா குமிழி வரும். என்ர பைக் முதல் நாளே ஐடிலில நிண்டுது, ரெண்டு சிலிண்டரும் ஒரே சத்தம், சித்தப்பா வந்து கொஞ்ச நேரம் பக்கத்தில நிண்டு கேட்டுப்போட்டு, "பெற்றோல் மணம்தான் வருது" எண்டார். பின்னேரம் ஏ9ஆல முறிகண்டி மட்டும் ஓடிப்போய், பிள்ளையாருக்குத் தேங்காய் உடைச்சு, கச்சான் ஒரு சுருள் வாங்கிக்கொண்டு வந்தன், வேகம் கூட்டேல்லை, 40, 50இலதான்.

அடுத்த நாள் விடிய, எஞ்சின் பச்சைத்தண்ணி மாதிரி ஆறிக் கிடக்கேக்க, டோர்க் ரெஞ்சைத் திரும்ப வச்சுப் பாத்தன். மற்றதெல்லாம் அசையேல்லை, நடுவில பாலத்துக்குப் பக்கத்து நட்டு ரெண்டும் ஆளுக்கொரு கொஞ்சம் ஏறிச்சுது. புதுக் கஸ்கட் முதல் சூட்டில நசியும், ஆகவே இதைச் செய்யாமல் விடாதேங்கோ, செய்தாப் பிறகு டப்பட்டையும் இன்னொருக்கா பாருங்கோ. 300 கிலோமீற்றரில ஒயிலை மாத்துங்கோ, பழைய ஒயிலை ஒரு வெள்ளைக் கோப்பையில ஊத்தி வெயிலில பிடிச்சுப் பாத்தா உங்கட கழுவல் எப்பிடி எண்டு அதுவே சொல்லும், என்ரதில கொஞ்சம் மினுங்கிச்சுது, ஆனபடியா 600இலயும் ஒருக்கா மாத்தினன்.